கைதட்டாத பெண்

இன்று காலை உன் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நூலகம் வேண்டாமென்று கழித்துவிட்டபோது நீ அள்ளிக்கொண்டு வந்த பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கச் சினிமாப் பட டிவிடிகள். மூடியைத் திறந்ததும் உன் வீட்டுச் சாம்பிராணி மணம் வந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறுகளில் முதியோர் இல்லத்துக் காலை வேலை முடிந்ததும் நாம் இருவரும் கிரின்ஸ்டெட்டில் உன் வீட்டுக்குத்தான் வருவோம். அடியில் டேனிஷ் எழுத்து ஓடும் படங்களைப் பார்த்து இந்த நாட்டு மொழி பழகுவதாகத்தான் எண்ணம். நீயோ வேறெதையோ படிக்கத் தொடங்கிவிட்டாய். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய படத்தில் நாயகன் எனக்கென்ன என்று ஒதுங்குவான். போர்க்காலப் படத்தில் அதே மாதிரியான ஆள் கடைசியில் ஒரு பக்கம் சேர்ந்து நிற்பான். போர் முடிந்து சில வருடங்களில், அயலவனையே சந்தேகிக்கும் ஊர்கள் திரையில் வந்துவிட்டன. "சனத்தின்ர பயம் மாற மாறப் படமும் மாறுது, பாத்தியே?" என்பாய். நான் நாயகனின் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் படத்தை இடையில் நிறுத்தினாய். மேடையில் ஒருவன் முழங்க, மண்டபமே கைதட்டிக்கொண்டிருந்தது.

"மூண்டாவது வரிசையில அந்தத் தொப்பிக்காரியைப் பார். அவள் ஒருத்தி கைதட்டேல்லை."

"ஆர் அவள்?"

"பேர் போடேல்லை. எனக்கு அவள்தான் கதாநாயகி." பிறகு சொன்னாய்: "சர்வாதிகாரியை இவங்கள் எப்பவும் வேற பாஷைக்காரனாத்தான் காட்டுறாங்கள். எங்கட பாஷை கதைச்சுக்கொண்டு வந்தால் என்ன செய்யிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த மாரிக்காலத்தில்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவரின் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கைதட்டுவோம், தெரிவு முடிந்துவிடும். நீ எழுந்து, "இந்த முறை கடுதாசியில எழுதிப் போடுவம்" என்றாய்.

"எங்களுக்குள்ள என்ன வோட்டு? சனத்தைப் பிரிக்கவே வந்தனீர்?" என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. நானும் தட்டினேன். நீ திரும்பி என் கைகளைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் இல்லாத நேரம், உன் காரில்தான் திரும்ப வேண்டியிருந்தது. "பெல்ட்டைப் போடு" என்றாய், என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டாய். அடுத்த ஞாயிறும் வழக்கம்போலத் தேநீர் ஊற்றினாய், படம் போட்டாய். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம் வரட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நீ திரும்பி வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போன சனிக்கிழமை மறுபடியும் பொதுக்கூட்டம். அதே தலைவர். பெயரைச் சொன்னதும் நான் எழுந்தேன்.

"கடுதாசியில எழுதுவம், அண்ணை."

"அவவின்ர விசர் உமக்கும் தொத்திப்போட்டுதோ?"

"ஓம், அண்ணை."

சிரித்தார்கள். கைதட்டி அவரையே மறுபடியும் தெரிவு செய்தார்கள். நான் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்துவிட்டேன். முன்பு நீ இருக்கும் பக்கத்துக் கதிரையில் யாரோ ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.