சீனத்துத் தேனுக்கான மஞ்சள் துண்டு

என் அன்புக்கும் எரிச்சலுக்கும் ஒருங்கே உரிய மச்சான் சன்னாசிக்கு,

நாற்பது வருடங்களாக உம்மை ‘நீர்’ என்றே அழைத்துவிட்டேன். இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் ‘நீ’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளும்.

முதலில் செய்திகள். பதினாறாம் நாள் கருமாதியை உம்முடைய ஆட்கள் ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்திலேயே நடத்தினார்கள். மழை விடவேயில்லை; ஆட்களும் வந்துகொண்டே இருந்தார்கள். எண்ணத் தொடங்கிய நான் இருநூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். கோவிலடியில் ஒரு கிழவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா யாருங்க, தேன் வாத்தியாருக்கு?”

“மச்சான்.”

“அட, பெட்டி தூக்கிட்டுப் பின்னால வருவாரே, அவருங்களா?”

பார்த்தீரா? நீர் போன பிறகும் எனக்கு எஞ்சிய பெயர் அதுதான். உமக்கு இருநூறு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். எனக்கு எத்தனை பேர் நிற்பார்கள் என்று அங்கேயே, உம்முடைய படத்துக்கு முன்னாலேயே, எண்ணிப் பார்த்தேன். ஐந்து விரலுக்குள் வந்தது.

என் தங்கை மங்களம் அழவில்லை. அதாவது மற்றவர்களுக்கு முன்னால் அழவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி உமக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம் அச்சிட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்க விரும்புகிறாள். உம்முடைய படம், வரலாறு, தேவாரம், பிறகு தேன் பற்றி ஒரு பக்கம்.

“அண்ணை, அவற்ற தேன் பக்கத்தை நீங்கள்தான் எழுதவேணும். வேற ஆருக்குத் தெரியும்?” என்றாள்.

‘அவருடைய தேன்’ என்றாள். ‘உங்களுடைய’ என்று சொல்லவில்லை. ஒரு தட்டில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வைத்துக்கொண்டு அவள் அதைச் சொன்னபோது, நான் தட்டைத் தள்ளி வைத்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இது வரலாமா?

இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு எங்கள் பெட்டியைப் பற்றித் தெரியாது. உமக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மங்களத்தை நீர் கல்யாணம் செய்த அடுத்த வருடம், மொனராகலைப் பக்கம் போய்விட்டு ஒரு சாராயப் போத்தல் நிறையத் தேன் கொண்டுவந்தீர். “மச்சான், சிங்களத்துல இத ‘மீ பெணி’ன்னு சொல்றாங்களே, அந்த ‘மீ’ எங்கருந்துங்க வந்துச்சு?” என்று கேட்டீர். வடமொழியின் ‘மது’ தேய்ந்து தேய்ந்து ‘மீ’ ஆயிற்று என்று நான் படித்திருந்தேன். அதே ‘மது’ தமிழுக்கு வந்து கள்ளாகவும் சாராயமாகவும் ஆகிவிட்டது, நமக்குத் தேனுக்குத் தனியாக ஒரு சொல் இருந்ததால் என்றேன். தெலுங்கர் ‘தேனெ’ என்கிறார்கள், கன்னடர் ‘ஜேனு’ என்கிறார்கள், அது ஒரு குடும்பம். ‘மது’ வேறு குடும்பம். நீர் கண்களை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தீர். என் வாழ்க்கையில் நான் சொல்வதை அப்படி ஒருவர் கேட்டது அன்றுதான். அதனால்தான் பெட்டி செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வேறு காரணம் இருந்ததா, தெரியாது.

பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நான் எழுதுவினைஞனாக இருந்த காலம். கழித்துப் போட்ட மஞ்சள் கோப்பு மட்டைகளைக் கொண்டுவந்து ஒரே அளவாக வெட்டுவேன். ஒரு துண்டுக்கு ஒரு சொல்: உலகில் எந்த மொழியிலாவது தேனுக்கு வழங்கும் சொல். அதன் பொருள், யாரிடம் கேட்டது அல்லது எங்கே படித்தது, கீழ் மூலையில் கொண்டுவந்தவரின் எழுத்து. நீர் ‘ச’. நான், அம்பலவாணர், ‘அ’. சட்டங்களையும் நானே போட்டேன். சொல் கிடைத்த வாரமே பெட்டிக்குள் போகவேண்டும். முதலில் பெட்டிக்குள் போடுகிறவருக்கே சொல் சொந்தம். பெட்டியில் இல்லாததை வெளியே பேசக்கூடாது.

“என்னங்க மச்சான், தேனுக்கும் கச்சேரிச் சட்டமா?” என்று சிரித்தீர். ஆனாலும் ஒரே ஒரு நாள் தவிர நீர் மீறவில்லை; அந்த ஒரு நாளும் என்னால்தான்.

நான் புத்தகங்களில் தேடினேன். லித்துவேனியாவில் தேன் ‘மெதுஸ்’. ஆங்கிலேயர் பழங்காலத்தில் தேனைப் புளிக்கவைத்துக் குடித்த கள் ‘மீட்’. கிரேக்கர் அதே வேரிலிருந்து வந்த சொல்லைத் திராட்சை மதுவுக்கு வைத்தார்கள். ருஷ்யர் கரடியை ‘தேன் தின்னி’ என்றார்கள், அதன் உண்மைப் பெயரைச் சொல்லப் பயந்து. ஆங்கிலத்தின் ‘ஹனி’ முதலில் பொன்னிறத்தைக் குறித்திருக்கலாம் என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கண் எரிய வாரக்கணக்கில் வாசித்தேன். நீரோ பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் ஒரு சொல்லோடு வருவீர். கடைவீதியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் முதல் பண்டாரவளை மரக்கறிச் சந்தைக்காரர் வரை எல்லோரும் உமக்குச் சொல் கொடுத்தார்கள். பேக்கரி வைத்திருந்த மலாய்க்காரரிடம் நான் பத்து வருடம் பாண் வாங்கினேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. நீர் ஒரே மாலையில் ‘மாது’ என்ற சொல்லை வாங்கி வந்தீர்.

“மச்சான், அவங்க பாஷையில தேனுக்கும் சக்களத்திக்கும் ஒரே சொல்லாம்! வீட்டுல ரெண்டு பேரு இருந்தா இனிக்குமா, கொட்டுமா?” என்று வயிறு குலுங்கச் சிரித்தீர். மங்களமும் சிரித்தாள். எனக்குச் சமைத்துப் போட்ட கை உமக்கு இலை போட்டுக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேனா என்று எனக்குச் சந்தேகம்.

இனி, எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பதினொரு வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் ஆசிரியர்கள் கூடிய மண்டபத்தில் உம்மைத் தேன் பற்றிப் பேச அழைத்தார்கள். உம்மை மட்டும். ஒரு கிழமைக்கு முன் என் வீட்டில் பேசிக் காட்டினீர். அதில் ஓர் இடம் வந்தது: சீனத்திலும் தேனுக்கு ‘மீ’ என்கிறார்கள், நம்முடைய பிக்குமார்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். கேட்கிறவர்கள் எழுந்து நின்று கைதட்டும் இடம் அது.

“இது சரிதானுங்களே, மச்சான்?”

அது சரியில்லை. மூன்று நாட்களுக்கு முன்பே நான் படித்திருந்தேன். சீனச் சொல் நடு ஆசியாவில் வழங்கி மறைந்துபோன ஒரு மொழியில் இருந்து போனது. அந்த மொழியின் சொல்லும் ‘மது’வும் தூரத்து உறவு, சிங்கள ‘மீ’ தன் வழியில் தேய்ந்தது, சீன ‘மீ’ தன் வழியில் தேய்ந்தது. துண்டும் எழுதியிருந்தேன். அது என் சட்டைப்பையில் இருந்தது.

“ஓம், சரி,” என்றேன்.

மண்டபத்தில் நீர் பேசினீர். நான் முன்வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீர் கரடிக் கதையைச் சொன்னபோது கூட்டம் சிரித்தது. கரடி என்னுடையது. மூலையில் ‘அ’ இருந்தது. நீர் சொல்லவும் சொன்னீர், “இது எங்க மச்சான் கண்டுபுடிச்சதுங்க” என்று. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. சீனாவுக்கு வந்தீர். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் ஓர் இளம் பெண் விரிவுரையாளர் எழுந்தார்.

“சேர், சீனச் சொல் நடு ஆசியாவுல இருந்த ஒரு பழைய மொழியில இருந்து போனதுன்னுதானே சொல்றாங்க? பேருதான் ஒன்னு போல இருக்கு.”

நீர் என்னைப் பார்த்தீர். “மச்சான், நம்ம பெட்டியில இருக்குங்களா, பாருங்க.”

திறந்தேன். ‘சீ’ என்று எழுதிய பிரிவில் துண்டு துண்டாகப் புரட்டினேன். எவ்வளவு நிதானமாகப் புரட்டினேன் தெரியுமா? எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதல்முறையாக என்னை. சட்டைப்பையில் அந்தத் துண்டு நெஞ்சில் குத்தியது.

“இல்லை,” என்றேன்.

“பெட்டியில இல்லாதத நான் பேசிட்டேங்க. டீச்சர் சொல்றதுதான் சரி. மன்னிச்சுக்குங்க,” என்று ஒலிவாங்கிக்குச் சொல்லிவிட்டு நீர் உட்கார்ந்தீர். இன்னும் பாதிப் பேச்சு இருந்தது.

அன்று பதுளைக்குத் திரும்பும் ரயிலில் நீர் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தீர். அதற்குப் பிறகு யார் அழைத்தாலும் “தொண்டை சரியில்லீங்க” என்றீர். பதினொரு வருடம் நீர் மேடை ஏறவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, மச்சான். அதைத்தான் நான் எழுத மறுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, தேன் பக்கம் எழுதுவதற்காக, ஞாயிறுதோறும் உங்கள் வீட்டுக்கு நான் தூக்கி வந்த பெட்டியைத் திறந்தேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ‘சீ’ பிரிவைத் தொட்டதே இல்லை. யாரும் அறியாமல் என்னுடைய துண்டை இப்போது அதில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீர் போய்விட்டீர், யார் கேட்கப்போகிறார்கள்?

அங்கே ஏற்கெனவே ஒரு துண்டு இருந்தது. உம்முடைய சாய்ந்த கையெழுத்து. சொல், மொழி, விளக்கம் எல்லாம் சரியாக. கேட்ட இடம்: பண்டாரவளை மண்டபம். மூலையில் ‘ச’ இல்லை. ‘அ’ என்று இருந்தது.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு மங்களத்திடம் போனேன். என் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு இருபத்தைந்து படிகள் இறங்கவேண்டும், உமக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் நின்றேன். குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தலை நிமிராமல் கேட்டாள்.

“அண்டைக்கு நீங்கள் மெல்லிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தனீங்கள், அண்ணை. பைக்குள்ள மஞ்சள் துண்டு மேடைக்கே தெரிஞ்சதாம்.”

“அவர் சொன்னவரா?”

“வந்த உடனை சொன்னவர். சாப்பிடேல்லை. பிறகு, ‘நீ ஒன்னும் கேக்காத, மங்களம், அவராவே ஒருநாள் கொண்டாந்து போடுவாரு’ எண்டவர்.” தண்ணீரை வடித்தாள். “ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் வரேக்க, இண்டைக்குக் கொண்டுவந்திருப்பியளோ எண்டு நான் உங்கட பையைத்தான் பாக்கிறனான்.”

பதினொரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். நான் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும்.

என்னை நீர் மன்னித்திருக்கிறீர் என்று உம்முடைய ஆட்கள் சொல்வார்கள். சரி. ஆனால் மச்சான், என் தவறைத் திருத்தும் வேலையிலும் நீரே முந்திக்கொண்டீரே, அது என்ன நியாயம்? என் சொல்லை என் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டு, நான் கடைசியாகச் செய்யக்கூடிய ஒன்றையும் செய்துமுடித்துவிட்டுப் போய்விட்டீரே. அதற்கும் எனக்குப் பொறாமை வருகிறது. வராது என்று பொய் எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்தேன். முதலில் பெட்டிக்குள் போடுகிறவருக்கே சொல் சொந்தம். சட்டம் நான் போட்டது. உம்முடைய துண்டில் இருந்த ‘அ’வை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘ச’ என்று எழுதினேன். என்னுடைய துண்டை அதன் பின்னால் வைத்தேன்.

மங்களம் கேட்ட தேன் பக்கம் இதுதான். “இதை ஏன் அண்ணை ஊருக்குக் காட்டவேணும்?” என்றாள். பிறகு, முடித்ததும் தானே அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். நீர் பாதியில் நிறுத்திய பேச்சின் தாள்கள் உம்முடைய மேசை லாச்சியில் இருந்தன. முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்கு முன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று அதைச் சீனாவில் இருந்து கடைசி வரை வாசிப்பேன், திருத்தத்தோடு. நான் இதுவரை நாலு பேருக்கு முன் பேசியதில்லை. குரல் பின்வரிசைக்குப் போகாது. யாராவது கைதட்டினால் அது உமக்கா எனக்கா என்று நான் கவனிப்பேன் என்பதும் உமக்குத் தெரியும். இருந்தாலும் வாசிப்பேன்.

அன்று அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போடுவேன். பையில் ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
உம்முடைய மனைவியின் அண்ணன்,
பெட்டி தூக்கிய உமது மச்சான்
அம்பலவாணர்
பதுளை