ராசப்பனுக்கு ஒரு மச்சான்

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
18–6–1961

அன்புள்ள சின்னுசாமிக்கு,

நான் சௌக்கியம், என் முட்டியும் சௌக்கியம். நீயும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முட்டி போய், மில் வேலையை விட்டுவிட்டு, இந்த மலேரியா ஒழிப்பு வேலைக்கு வந்து இரண்டு வருசம் ஆகிறது. இதுவரை நான்கு கடிதம் போட்டேன். நீ ஒன்றுக்குப் பதில் போட்டாய், அதுவும் தீபாவளி வாழ்த்து. மில் கூடைப்பந்து அணிக்குச் செயலாளர் ஆனவருக்கு நேரம் இருக்காதுதான். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் உன்னால் இருக்க முடியாது. உன் அணிக்கு ஓர் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

காய்ச்சல் கண்டவர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். இந்த மலையில் நான் பிடித்துப் பார்க்காத கை இல்லை. சென்ற வாரம் நல்லமுத்து என்பவன் கையை நீட்டினான். வயது இருபத்து நான்கு. கல்யாணமானவன். அவன் உள்ளங்கைமேல் என் கையை வைத்தேன், என் விரல் நுனி அவன் விரலின் இரண்டாவது கணுவோடு நின்றுவிட்டது. அவனுக்குக் காய்ச்சல் ஒன்றும் பெரிதாக இல்லை. எனக்குத்தான் வந்தது.

நேற்று அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். அன்னாசி அறுப்பு. பள்ளத்திலிருந்து மேலே பாதைக்குக் காய் ஏற வேண்டும். செங்குத்தான சரிவில் ஐந்து பேர் நின்று ஒருவருக்கொருவர் எறிந்தே ஏற்றுகிறார்கள். நல்லமுத்து நடுவில். கீழிருந்து வருவதைத் திரும்பிப் பாராமல் பிடிக்கிறான். மேலே யார் கை காலியோ அந்தக் கைக்குப் போகிறது. அவன் அக்கா இருசாயி கர்ப்பிணி. அவளுக்குப் பூப்போல எறிகிறான். அவள் புருசன் சின்னையன், நரைத்த மீசைக்காரர், அவருக்கு மட்டும் வயிற்றைப் பார்த்துப் போடுகிறான். அவர் வைதுகொண்டே பிடிக்கிறார். இருசாயி கொண்டை முடிய நின்றால் அவளைத் தாண்டி அடுத்தவருக்குப் போகிறது. நானூற்றுப் பன்னிரண்டு காய் எண்ணினேன். ஒன்றுகூட விழவில்லை.

உச்சியில் நிற்கும் அப்பன் சுப்பையனுக்கு மட்டும் அவனே ஏறிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வருகிறான். நேர விரயம். ஏன் என்று தெரியவில்லை. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

உயரம் கேட்பாய். ஐந்தடி ஐந்தங்குலம். கடிதத்தைக் கிழிக்காதே.

1955 இறுதி ஆட்டத்தைப் பற்றி நான் ஒருநாளும் உன்னிடம் பேசியதில்லை. இப்போதும் பேசப் போவதில்லை. ஒரு பழைய பந்து அனுப்பு.

உன்,
அர்த்தனாரி


கோயமுத்தூர்,
29–6–1961

அன்பு அர்த்தனாரி,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. மனைவி படித்துச் சிரித்ததால் பிழைத்தது.

ஐந்தடி ஐந்தங்குலம்! நம் கேப்டன் ராசப்பன் ஆறடி இரண்டு, அவனையே மதுரைக்காரர்கள் தோளுக்குக் கீழே வைத்துப் பார்க்கிறார்கள். நீ அன்னாசி எறிகிறவனைச் சொல்கிறாய். அன்னாசிக்குக் குறுக்கே நின்று யாராவது மறித்தார்களா? பிடுங்கினார்களா? எறிவதும் பிடிப்பதும் மட்டும் ஆட்டமாகாது. இது எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

விளையாட்டுப் பேச்சு போகட்டும். இங்கே நிலைமை சரியில்லை. மூன்று வருசமாக இறுதி ஆட்டத்தில் தோற்கிறோம். வருகிற ஜனவரியில் கோப்பை வராவிட்டால் அணியைக் கலைத்துவிடுவதாக மானேஜர் சொல்லிவிட்டார். மைதானத்தில் பஞ்சு கோடவுன் கட்டப் போகிறார்களாம், பிளான்கூடப் போட்டாயிற்று. ஆட்டத்துக்காக வேலை கொடுக்கப்பட்டவர்கள் ஒன்பது பேர். ராசப்பனுக்கு முப்பத்து மூன்று வயது, இரண்டு குழந்தை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. எனக்குத் தூக்கமே இல்லை.

அதனால் உயரமான ஆளாகப் பார். பந்தைப் பார்சலில் போட்டிருக்கிறேன், பழைய சிநேகத்துக்காக.

சின்னுசாமி


வாழவந்தி நாடு,
27–8–1961

அன்புள்ள சின்னுசாமிக்கு,

பந்து வந்தது. தபால்காரர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார். ஊரே கூடிவிட்டது.

உயரமான ஆள் கேட்டாய். போன வருசம் நீ டேப்பை வைத்து அளந்து பிடித்தாயே, ஆறடி மூன்றங்குலத்தில் ஒரு ராசிபுரத்துக்காரன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வானாமே! அவனை அளந்தபோது கண்ணை அளக்க மறந்துவிட்டாய்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். அன்னாசியை யாரும் மறிப்பதில்லை. ஆகவே மறித்துப் பார்த்தேன். பலாமரத்தில் அடியில்லாத கூடை ஒன்றைக் கட்டினேன். சின்னையனையும் இன்னும் மூவரையும் குறுக்கே விட்டேன். நான் ஆளைப் பார்க்கும் விதம் உனக்குத் தெரியும். பந்து கையில் இருக்கும்போது எல்லோருமே அழகு. பந்து இல்லாதபோது கண் எங்கே போகிறது? நல்லமுத்து பந்தைப் பார்ப்பதே இல்லை. ஆளைப் பார்க்கிறான். யார் எங்கே போகப் போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரிவதற்கு முன் அவனுக்குத் தெரிகிறது. ஒரு மணி நேர ஆட்டத்தில் முப்பத்தொரு முறை எறிந்தான். பறிபோனது இரண்டு. செங்குத்தில் பிறந்து வளர்ந்தவன், சமதரையில் ஓடச் சொன்னால் சிரிக்கிறான். மூச்சே வாங்குவதில்லை.

பத்து நாள் வைத்துப் பார். கூடைக்குக் கீழே ராசப்பன், பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க இவன். உனக்குத் தேவை இன்னொரு நெட்டையன் இல்லை.

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. முட்டி போனவன் என்று என்னை ஒதுக்கினார்கள். கண் போகவில்லை என்று ஒரு தரமாவது காட்ட வேண்டும்.

அர்த்தனாரி


கோயமுத்தூர்,
2–10–1961

அர்த்தனாரிக்கு,

இதை நல்லமுத்துவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். வருத்தப்படாதே.

பத்து நாள் வைத்துப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அவன் எறிவதைப் பார்த்து நானே எழுந்து நின்றுவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ராசப்பனுக்கு? ஒரு தடவைகூட எறியவில்லை. கூடைக்குக் கீழே ராசப்பன் தனியாக நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். இவன் அவனைப் பார்க்கிறான், பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கோயில் பிரசாதம் கொடுக்கப் போவதுபோல அவனை நோக்கி நடக்கிறான். விசில். பந்தோடு நடந்தால் தப்பு என்று நூறு தரம் சொல்லியாயிற்று. தலையை ஆட்டுகிறான், மறுபடி நடக்கிறான். மானேஜர் வந்த அன்று இது ஆறு தடவை நடந்தது. அவர் சிரித்துக்கொண்டே போனார். ராசப்பன், தன்னை இவன் மதிக்கவில்லை என்கிறான்.

நல்ல பையன். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. ஆனால் புள்ளி எடுக்கிறவனுக்குப் பந்து தராதவனை வைத்து நான் என்ன செய்ய? உன் கண்ணை நம்பினேன். இந்தத் தடவை அது தவறிவிட்டது.

சின்னுசாமி


வாழவந்தி நாடு,
5–10–1961

அன்புள்ள சின்னுசாமிக்கு,

என் கண் தவறவில்லை. பார்த்ததைப் புரிந்துகொள்ளாதது என் மடத்தனம். உனக்கும் அதில் பாதி உண்டு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவனையே கேட்டேன்.

“ஏனப்பா, ராசப்பனுக்கு ஏன் எறியல?”

“அதெப்படிங்க எறியறது? மத்தவங்கெல்லாம் எஞ்சோட்டுப் பசங்க, அவரு எனக்கு மூத்தவருங்க. பெரியவங்களுக்குக் கையிலதானுங்க குடுக்கோணும். மேல எறியறது நாயிக்குங்க.”

“நடந்தாத் தப்புன்னு சொன்னாங்கல்ல?”

“சொன்னாங்க. ஊதுனாங்க. ஊதறாங்கன்னு மருவாதிய உட முடியுங்களா?”

மதிக்கவில்லை என்றானாமே ராசப்பன்? அந்த மைதானத்தில் அவனை இவ்வளவு மதித்தவர்கள் யாருமில்லை! என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் மாதமே எழுதி வைத்திருக்கிறேன், அப்பனுக்கு மட்டும் ஏறிப் போய்க் கையில் கொடுக்கிறான் என்று. எழுதியவனுக்குப் புத்தி இல்லை. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

“இருசாயியும் சின்னையனும் உனக்கு மூத்தவங்கதானே. அவர் வயித்துலயே போடறியே?”

“அக்கா கூடப் பொறந்தவ, அவரு மச்சானுங்க!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா புருசன் மேல எறியலீன்னாத்தானுங்க அவரு கோவிச்சுக்குவாரு. எம்மேல பாசமில்லியான்னு கேப்பாரு.”

புரிகிறதா? ராசப்பன் கேப்டனாக இருக்கும்வரை அவனுக்குப் பந்து வராது. மச்சானானால் வரும். ராசப்பன் மனைவி அம்சவேணியிடம் போய்ச் சொல். அவள் நல்லமுத்துவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தம்பி என்று சொல்லி, தன் கையால் சோறு போட வேண்டும். வாய்ப்பேச்சாக ஒப்பேற்றாதே. இவர்களுக்கு உறவு என்றால் உறவுதான்.

சாமை அறுப்பு முடியாமல் அவன் நகரமாட்டான். திருப்பி அனுப்பிய வெட்கம் வேறு. ஆனால் அவன் மனைவி மயிலம்மாள், “பந்து எறியத் தெரியலைன்னு அனுப்பிட்டாங்கன்னு ஊரே சிரிக்குது. செயிச்சுப்போட்டு வா சாமி, அப்பறம் ஊட்டுல இரு” என்று சொல்லிவிட்டாள். கார்த்திகையில் வருவான்.

கூடைக்குக் கீழே தனியாக நின்று, பந்து வராமல் கத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ராசப்பனிடம் சொல், அவன் நிலைமை என் நிலைமையைவிட மேல். அவனுக்கு வராததற்கு மரியாதை காரணம்.

அர்த்தனாரி


கோயமுத்தூர்,
26–11–1961

அன்பு அர்த்தனாரி,

நேற்று விருந்து நடந்தது. அம்சவேணி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். தனக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை இல்லை என்று அவள் குறைப்பட்டது எனக்கு இத்தனை நாள் தெரியாது. “இனி நீதான் கண்ணு எனக்குத் தம்பி, தீவாளிக்கு அக்கா ஊட்டுக்கு வந்தரோணும்” என்று சொல்லி, நிஜமாகவே கண் கலங்கிவிட்டாள். நல்லமுத்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ராசப்பன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “பந்துக்காக இந்தக் கூத்தா” என்று முனகினான்.

கை கழுவ எழுந்தார்கள். நல்லமுத்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேப்டன் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டு, “என்ன மச்சான், குளுருதா?” என்றான்.

ராசப்பன் அடித்துவிடுவான் என்று பயந்தேன். மூஞ்சியில் வழிந்த தண்ணீரை வழித்து உதறினான். பிறகு, “அடேய் மாப்ளே!” என்று கத்திக்கொண்டு தெருக்கோடி வரை துரத்தினான். பிடிக்க முடியவில்லை.

இன்று காலைப் பயிற்சியில் முதல் பந்தே ராசப்பனின் மார்பில் வந்து விழுந்தது. இரண்டாவதைப் பிடித்துவிட்டான்.

மீதி ஜனவரியில்.

சின்னுசாமி


கோயமுத்தூர்,
22–1–1962

என் அன்பு அர்த்தனாரி,

கோப்பை வந்துவிட்டது!

அறுபத்து மூன்று, நாற்பத்தெட்டு. கடைசி நிமிடத்துக்கு வேலையே வைக்கவில்லை. முதல் பாதியில் மதுரைக்காரர்கள் நல்லமுத்துவை மறிக்க ஆளே போடவில்லை. குள்ளன்தானே என்று விட்டார்கள். இடைவேளைக்குள் ராசப்பனுக்குப் பதினொரு பந்து போயிருந்தது. அப்புறம் இரண்டு பேரை வைத்து மறித்தார்கள். அவன் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் எறிகிறான்! “மச்சான்!” என்ற சத்தம்தான் முதலில் கேட்கும், அடுத்து வலை ஆடும். போகப்போகக் கூட்டம் முழுவதும் “மச்சான், மச்சான்” என்று கத்த ஆரம்பித்துவிட்டது. ராசப்பன் முப்பத்தேழு புள்ளி எடுத்தான். அவன் வாழ்நாளிலேயே அதுதான் அதிகம்.

மானேஜர் மைதானத்துக்குள் ஓடி வந்து, வியர்வையோடு வியர்வையாக நல்லமுத்துவைக் கட்டிக்கொண்டார். கோடவுன் பிளானைக் கிழித்தாகிவிட்டது. ஒன்பது பேர் வேலையும் பத்திரம். நல்லமுத்து சாமைக்கும் அன்னாசிக்கும் மலைக்குப் போவேன், மற்ற மாதம் மில்லுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டான். மானேஜர் சரி என்றுவிட்டார். கோப்பையை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் நேராக நடந்து வந்து இரண்டு கையாலும் அதை என்னிடம் கொடுத்து, “இத அர்த்தனாரி அண்ணங் கையில குடுக்கோணுங்க. அவரு பெரியவருங்க, எறிஞ்சுபோடாதீங்க” என்றான்.

அங்கேதான் நான் அழுதுவிட்டேன்.

அர்த்தனாரி, ஏழு வருசமாக நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1955இல் நீ கூடைக்குக் கீழே தனியாக நின்றதை நான் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் பார்த்தேன். உன் கை நீண்டிருந்ததைப் பார்த்தேன். வெற்றிப் புள்ளி என் பெயரில் இருக்க வேண்டும் என்று நானே கூடைக்கு எறிந்தேன், தவறவிட்டேன். உன் கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு வேலை காரணமில்லை. வெட்கம்தான். ஒரு மலைக்காரன் மரியாதைக்காகப் பந்து தரவில்லை என்று தெரிந்தபோது, நான் எதற்காகத் தரவில்லை என்பது நெஞ்சைக் குடைந்துவிட்டது. என்னை மன்னித்துவிடு.

மில்லுக்கு ஆள் பார்க்கும் வேலைக்கு உன்னை எடுக்க மானேஜர் சம்மதித்துவிட்டார். முட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண்ணைப் பற்றித்தான் கேட்டார். கோப்பை என் வீட்டில் இருக்கிறது. வந்து கையில் வாங்கிக்கொள்.

உன்,
சின்னு


வாழவந்தி நாடு,
28–1–1962

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் கடிதத்தை நல்லமுத்து வீட்டு வாசலில் உரக்கப் படித்தேன், கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. சின்னையன் தன் மைத்துனன் எறிந்ததெல்லாம் தன் வயிற்றில் பழகியதுதான் என்று பெருமை அடித்துக்கொள்கிறார். மயிலம்மாள் உடனே எழுந்துவிட்டாள். வீடு வீடாகப் போய் வெல்லம் கொடுத்துவிட்டு வந்தாள், சிரித்தவர்கள் வீட்டுக்கு முதலில்.

நீ பார்த்தாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆளின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. உன் கண் என்மேல் வந்துவிட்டுத்தான் போனது. நீயாகச் சொல்லும்வரை காத்திருந்தேன். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். நேற்றோடு சரி.

வேலைக்கு வாரேன். வியாழக்கிழமை அடிவாரம் காரவள்ளிக்கு இறங்கி பஸ் பிடிக்கிறேன். டேப் இருந்தால் அதற்குள் தூக்கிப் போட்டுவிடு. திண்ணனூர் நாட்டில் இன்னொரு கையைப் பார்த்து வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன்.

கோப்பை உன் வீட்டிலேயே இருக்கட்டும், எனக்கு அது வேண்டாம். என்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. கூடைக்குக் கீழே அதே இடத்தில் போய் நிற்கிறேன். பெரியவன், முட்டி போனவன் என்றெல்லாம் பார்க்காமல் பந்தை எனக்கு ஒரே ஒரு தரம் எறி. ஏழு வருசமாகக் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறேனடா.

உன்,
அர்த்தனாரி