பழைய அணியின் சொற்கள்

செப்டம்பர் 9, செவ்வாய், இரவு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இவருடைய கார்ச் சாவியை என் கைப்பைக்குள் ஒளித்து வைத்தேன். நேற்று மைதானத்திலிருந்து மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வராமல், எப்போதோ விட்டுவந்த ரெக்ஸ்டேல் வீட்டு வாசலில் போய் நின்றாராம். அதைச் சிரித்துச் சிரித்துப் பகிடியாகத்தான் சொன்னார்.

இன்று நானே கூட்டிக்கொண்டு போய், அவர் அணிக்குக் கொடுக்கும் பயிற்சி முடியும்வரை வேலியோரம் நின்றேன். ஓர் ஆட்ட நகர்வுக்கு அவர் கத்திச் சொன்ன கட்டளை, முன்பு பயிற்றுவித்த அணியின் கட்டளை. அந்த நாட்களில் சாப்பிடும்போதும் முணுமுணுப்பார், எனக்கே மனப்பாடம். வீரர்கள் விளங்காமல் நின்றார்கள். ஒருவன் சிரித்தான். இவர் அவனை ஏசினார்.

காரில் கேட்டேன்.

"என்னப்பா, அது பழைய ரீமின்ர எல்லோ?"

"ஓ, நீரும் இப்ப கோச்சோ? களைப்பப்பா. நாளைக்குக் கொன்ட்ராக்ட் சைன் பண்ணினாப் பிறகு ஹெட் கோச் எண்டுதான் என்னைக் கூப்பிடவேணும், சரியோ?"

சிரித்து வைத்தேன். பந்தைக் கையில் ஏந்தி முட்டிமோதும் இந்த ஊர் ஃபுட்போல் விளையாடிய காலத்தில் ஹெல்மெட்டோடு ஹெல்மெட் மோதி எத்தனை தரம் நினைவிழந்து விழுந்தவர். வாழ்நாளெல்லாம் காத்திருந்த தலைமைப் பயிற்சியாளர் பதவி இது. டொக்டரிடம் போனால் அது கைநழுவிவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கு, ஒருநாள் காலையில் எழும்பி என்னையே யார் என்று கேட்டுவிடுவாரோ என்று.

நாளை அவர் கையெழுத்து வைக்குமுன் அணியின் டொக்டருக்கு நானே ஃபோன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பிறகு என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை.