பிறக்காத குட்டிகளுக்கு மூன்று தரம்

மே 11, ஞாயிறு

விடியும்போதே வெயில். கடல் கூப்பிடு தூரம்தான், ஒரு பொட்டுக் காற்று இல்லை. ஐஸுவைச் சீவினேன். ஒரு பக்கம் சீவி முடிப்பதற்குள் பக்கெட் நிறைய முடி. மறுபக்கம் நாளைக்கு. கை வலி. ரசத்தில் முடி, தலையணையில் முடி, ஆபீஸ் புடவையில் முடி. யார்டு கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நேற்றுக் கேட்கிறார், "மேடம், பஞ்சு மில்லுல நைட் டூட்டி பாக்குறீங்களா?"

ஐஸு சமோயெட் ஜாதி. பனி தேசத்து நாய். வந்து சேர்ந்ததோ திருவொற்றியூரில், எண்ணூர் ரோட்டு லாரிப் புகையில். குளிப்பாட்டி மூன்றாம் நாள் சாம்பல் நிறம். எங்கள் கன்டெய்னர் யார்டு மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது "ஒரு வாரம் வெச்சுக்கங்க" என்று விட்டுப் போனார். இரண்டு வருஷம் ஆகிறது. ஐஸு என்று பெயர் வைத்தது இவர், என் வீட்டுக்காரர். காசிமேட்டில் மீன் ஏலம் முடித்து வரும்போது மீன் பையோடு ஒரு பை ஐஸும் கொண்டு வருவார். தட்டில் கொட்டினால் அதில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கும்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகவில்லை, மீன் இல்லை, ஏலம் இல்லை, ஐஸும் இல்லை. ஏலக்காரர் லுங்கியோடு வீட்டில். நான் டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைக்கிறேன்.

மதியம் தரையில் ரத்தப் பொட்டு. ஐஸுவுக்குப் பருவம் வந்துவிட்டது. இவருக்கு முகமெல்லாம் பல். நான் துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

தடை தொடங்குவதற்கு முந்தின நாள் காலியான ஏலத் தளத்தில் நின்றுகொண்டு இந்த மனுஷன் பிறக்காத குட்டிகளை ஏலம் விட்டிருக்கிறார். நாலு பேர் எடுத்திருக்கிறார்கள். முதல் குட்டி மாரி அண்ணனுக்கு. விசைப்படகு ஓனர். இவர் கூவும் மீனில் பாதி அவர் படகு மீன். அவர் மகள் குட்டிக்குப் பெயர்கூட வைத்துவிட்டாளாம்.

"வெளையாட்டுக்குச் சொன்னதுதானே?" என்றேன்.

"மூணு தரம் சொல்லிட்டேன்மே. தளத்துல நின்னு சொன்னா சொன்னதுதான். மாத்திப் பேசுனா நாளைக்கு எவன் என் கூடை முன்னாடி நிப்பான்?"

மே 14, புதன்

அரை நாள் லீவு. வெயில் ஏறுமுன் ஆட்டோவில் அண்ணா நகர். ஈரத் துண்டு, தண்ணீர் பாட்டில் மூன்று, நாய், புருஷன்.

ஐஸுவை இணை சேர்க்க, ஆண் சமோயெட் வைத்திருக்கும் டீச்சரம்மா வீடு. அது சோபாவில், ஏசியில். காபி வருவதற்கு முன் கேள்வி வந்தது. இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா? கண் பரிசோதனை? குட்டி வாங்குறவங்க வீட்டுல பகல்ல ஆள் இருப்பாங்களா, ஏசி ஓடுமா?

"நான் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து பார்ப்பேன். வளர்க்க முடியலன்னா குட்டி என்கிட்டதான் திரும்பி வரணும். தெருவுக்குப் போகக் கூடாது, கடைக்கும் போகக் கூடாது."

இவர் என் காதில், "இன்னாமே, நாய்க்குப் பேசுறாங்களா, பொண்ணுக்குச் சம்பந்தம் பேசுறாங்களா?"

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. ஐஸுவை நடக்க விட்டுப் பார்த்தார். படுக்க வைத்து எழுப்பினார். முகம் மாறிவிட்டது. "எழுந்திரிக்கும்போது எப்பவும் இப்படித்தான் பின்னங்கால் நடுங்குமா?"

எப்பவும் அப்படித்தான். சோம்பேறி என்று நாங்கள் கேலி செய்வோம்.

மே 16, வெள்ளி

எக்ஸ்ரே. மயக்க ஊசி போட்டார்கள். நாக்கைத் தொங்கவிட்டு ஐஸு கிடந்ததைப் பார்க்க முடியவில்லை, வெளியே வந்து நின்றேன். டாக்டர் சின்னப் பெண்தான், பொறுமையாகச் சொன்னாள். "தொடை எலும்பு குழியில சரியா உக்காரலம்மா. ரெண்டு பக்கமும். வழிவழியா வர்றது, குட்டிங்களுக்கும் வரலாம். குட்டி வேண்டாம். பருவம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு கருப்பையை எடுத்துடலாம்."

டீச்சரம்மாவுக்கு போன். "தப்பா நினைக்காதீங்கம்மா, என் பையனை இதுக்குத் தர மாட்டேன்" என்றார். பிறகு, "நீங்க எக்ஸ்ரே எடுத்ததே பெரிய விஷயம். நிறையப் பேர் எடுக்கறதே இல்ல."

இரவு இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மாரியாண்ட இன்னான்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

"நாய்க்கு இடுப்பு சரியில்லன்னா? சிரிப்பான்மே. ஏமாத்துறேன்னு நெனப்பான்."

தட்டைக் கழுவப் போனேன்.

வாங்க: ரப்பர் பாய் (தரை வழுக்குகிறது), ஐஸுவுக்கு மாத்திரை, சீப்பு (பல் போச்சு), வெந்தயம்.

மே 20, செவ்வாய்

யார்டில் லாரி வரிசை எர்ணாவூர் வரை. டிரைவர்கள் கத்தல், தலைவலி. வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. சங்கிலி இல்லை, தண்ணீர்க் கிண்ணம் இல்லை, ஐஸு இல்லை. இவர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

எதிர் வீட்டு சாந்தி, "அண்ணன் நாயை ஆட்டோல ஏத்திகினு போச்சேக்கா. செங்குன்றம்னு பேசிக்கினு இருந்துச்சு."

செங்குன்றம். அங்கே ஒரு நாய் புரோக்கர் இருக்கிறான். எக்ஸ்ரேயும் கேட்க மாட்டான், எதுவும் கேட்க மாட்டான் என்று இரண்டு நாளாக இவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு கோபம் கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. அழுகையும்.

விளக்கு வைத்த பிறகு ஆட்டோ. ஐஸு இறங்கி என் மேல் விழுந்தது. இவர் இறங்கவே இல்லை.

"யோவ், உனக்கு அறிவு கீதா?" தெருவே கேட்டிருக்கும்.

"சேர்க்கலமே. சத்தியமா சேர்க்கல."

உள்ளே வந்து தண்ணீர் குடித்தபின் சொன்னார். தகரக் கொட்டகையாம், வரிசையாகக் கூண்டாம். "ஒரு கூண்டுல வெள்ளையா ஒண்ணு. நம்ம ஐஸு மாதிரியே எய்ந்துக்குது, அதே நடுக்கம். இதுக்கு இடுப்பு இன்னா ஆச்சுன்னு கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா, நாலு ஈத்து போட்டுடுச்சு, இன்னும் போடும்ங்கிறான்." கொஞ்ச நேரம் ஐஸுவின் கழுத்தைச் சொறிந்தார். "அது என்னையே பாத்துகினு இருந்துச்சு. ஆட்டோவைத் திருப்புடான்னுட்டேன்."

தோசை ஊற்றினேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில் குறையவில்லை. ஐஸு இரண்டு கிலோ இளைத்திருக்கிறது, நல்லது என்றாள் டாக்டர். துறைமுகத்தில் படகுக்கு பெயின்ட் அடிக்கிறார்கள். மாரி அண்ணனைத் தினமும் பார்க்கிறார், இன்னும் சொல்லவில்லை. பார்க்கும்போதே சொல்லேன் என்றால் முறைக்கிறார். "தளத்துல சொன்னத தளத்துலதான் எடுக்கணும். எல்லாரும் நிக்கும்போது சொல்லணும்."

எனக்கு அலுத்துவிட்டது. பயமாகவும் இருக்கிறது. மாரி அண்ணன் படகு மீன் கைவிட்டுப் போய்விட்டால் என் சம்பளம் ஒன்றுதான்.

ஜூன் 17, செவ்வாய்

தடை முடிந்து முதல் படகுகள் கரைக்கு. இவர் இருட்டிலேயே எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் ஐஸு தலையைத் தடவிவிட்டுப் போனார். உடம்பு சரியில்லை என்று நான் லீவு. பொய்.

முதல் நாள் என்றால் மதியம் தாண்டித்தான் வருவார். குரல் கட்டியிருக்கும். இன்று ஒன்பது மணிக்கே செருப்புச் சத்தம். குரல் நன்றாக இருந்தது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லிட்டேன். எல்லாரும் நின்னுகினு இருக்கச்சொல்லோ, குட்டி ஏலம் செல்லாது, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டேன்."

"மாரி அண்ணன்?"

"திட்டுனாகூடப் பரவால்லமே. கூடைங்களைத் தூக்கி பக்கத்து ஏலக்காரனாண்ட வெக்கச் சொல்லிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. தட்டு எட்தா."

பையை நீட்டினார். முதல் நாள், வஞ்சிரம், சங்கரா ஏதாவது இருக்கும் என்று பழக்கத்தில் கையை விட்டேன். மீன் ஒன்றுகூட இல்லை. பை நிறைய ஐஸ்.