சமாளிச்சுக்குவேன் என்று சொன்னவளுக்கு

புதுச் செருப்பின் ரப்பர் வாசம் அறை முழுக்க நிற்கிறது. இன்று காலை கடைத்தெருவுக்குப் போய் ஒரே மாதிரியில் இரண்டு சோடி வாங்கி வந்தேன். ஒன்று சின்ன அளவு, ஒன்று பெரிய அளவு. சின்னதில் இடதும் பெரியதில் வலதும் எனக்கு. மற்ற இரண்டும் உன்னுடையவை. நீ போன பிறகும் நான் இரண்டு சோடி வாங்கித்தான் ஆகவேண்டும். ஒற்றை ஒற்றையாக எந்தக் கடைக்காரன் தருவான்?

காலுக்கு இரும்புச் சட்டம் அளவெடுக்க மதுரைக்குப் போன இடத்தில், பாவாடைச் சிறுமியாக நீ என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான். என் பாதங்களை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு இடதா? எனக்கு வலது. நல்லதாப் போச்சுடி, செருப்புச் செலவு பாதிதான்" என்றாய். என் அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "இளம்பிள்ளை வாதம் வந்து கெடக்குறதே பாவம், இதுல கேலி வேறயா" என்று என்னை அந்தப் பக்கம் இழுத்தார். நான் போகவில்லை.

நீ படித்து டீச்சரானாய். நான் ஏழாம் வகுப்போடு நின்று, பொட்டலக் காகிதத்தில் மிச்சத்தைப் படித்து, பேகம்பூர் வீட்டின் பின்கட்டில் பிரியாணி ஆர்டர் எடுத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கினேன். நின்றபடியே தேக்சா அண்டாவைக் கிளறினேன். "ஒன்னால முடியுமா" என்று எவர் கேட்டாலும் நம் இருவர் வாயிலும் ஒரே பதில்: "சமாளிச்சுக்குவேன்." ஊரே நம்மை அந்தச் சொல்லுக்காகப் பாராட்டியது. ஆனால் நாற்காலி மட்டும் யாரும் போடவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஐம்பது தாண்டியதும் நல்ல காலும் சோர ஆரம்பித்தது. காலையில் எழும்போதே களைப்பு. குளிர் வந்தால் கால் நீலம் பாய்ந்து விறைத்துப்போகும். ஒரு டாக்டர், "வயசாயிருச்சும்மா, சும்மா உக்காராதீங்க, நல்லா நடங்க, மாடிப்படி ஏறுங்க" என்றார். நானும் வீம்புக்கு ஏறினேன். மழைக்காலம் முடிவதற்குள் தரையில் விழுந்த கரண்டியைக் குனிந்து எடுக்க முடியாமல் போயிற்று.

நீ வந்து சண்டை போட்டாய். உனக்கும் அதே சோர்வு வந்து, மதுரையில் இதை அறிந்த ஒரு மருத்துவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாய். இது அந்த இளம்பிள்ளை வாதம் விட்டுப்போன மிச்சம், பல வருடம் கழித்து வரும், இத்தனை காலம் இரண்டு மடங்கு வேலை பார்த்த நரம்புகள் ஓய்ந்துபோகின்றன என்று அவர் விளக்கினாராம்.

"சமாளிக்கிறதுன்னா என்னான்னு தெரியுமாடி?" என்று கேட்டாய். "நாளைக்கு வச்சிருக்கிற பலத்த இன்னைக்கே தின்னுபுடுறது. இனிமே அந்தப் பேச்சே நம்ம வாயில வரக் கூடாது."

அன்றே என் அடுப்படியைத் தலைகீழாக்கினாய். உயரமான முக்காலி வந்தது, வெங்காயம் உரிக்க மேசை வந்தது, அரிசியும் எண்ணெயும் இடுப்பு உயரத்துக்கு இறங்கின, குளியலறைச் சுவரில் கம்பி ஏறியது. களைத்த பிறகு உட்காராதே, களைப்பதற்கு முன்னால் உட்கார் என்றாய். கை காலை அசைக்கலாம், ஆனால் மறுநாளும் வலி இருந்தால் அது அளவு மீறியது என்றாய். மார்கழியில் சிறுமலைக் காற்று இறங்கினால் வெட்கப்படாமல் கம்பளிக் காலுறை போடு என்றாய். எந்த ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி என்றாலும் போலியோ வந்த உடம்பு என்று முதலில் சொல்லிவிடு என்று, பல் பிடுங்கப் போகும்போதுகூட வாசல்வரை கத்தினாய். நீயும் வகுப்பில் உட்கார்ந்தே பாடம் நடத்தினாய். தலைமையாசிரியை முகம் சுளித்தபோது, "பாடத்த வாயாலதான நடத்துறேன் சிஸ்டர், காலாலயா?" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இத்தனையும் சொன்ன நீதான் மாதா கோயில் திருவிழா அன்று ஊன்றுகோலை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுப் படியேறினாய். உன் தங்கை மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னாள்: "பிடிச்சுக்கிறேன் பெரியம்மான்னு கைய நீட்டுனேன். எல்லாரும் பாக்குறாங்கடி, சமாளிச்சுக்குவேன்னுட்டாங்க." விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. படுக்கையில் நெஞ்சுச் சளி கட்டியது. உன் மூச்சுக்கு அதைத் தாங்கும் வலு இல்லை.

எனக்கு உன்மேல் துக்கத்தைவிடக் கோபம் அதிகம். இன்னும் இருக்கிறது. மறைக்கமாட்டேன்.

உன்னை அடக்கம் செய்த பிறகு என் பெரியவன் அடுப்பை நிறுத்தச் சொன்னான். "போதும்மா. நாங்க பாத்துக்கிறோம்ல. நீங்களும் விழுந்து வச்சா என்னா பண்றது?" பிள்ளை பாசம்தான். ஆனால் அடுப்பை அணைத்தால் இந்த வீட்டில் நான் வெறும் நொண்டிக் கிழவி. அதை அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

போன வாரம் வத்தலக்குண்டிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்தார். "சமையல்கட்டு மாடியிலங்கம்மா. நீங்க வந்து நின்னு பாத்துக்கிட்டா போதும்." பெரியவன் என் முகத்தையே பார்த்தான். பழைய சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டது.

"ஏலாது" என்றேன். "மாடி ஏற ஏலாது, நிக்கவும் ஏலாது. உக்காந்துதான் தம் போடுவேன். மத்தியானம் செத்த நேரம் படுப்பேன், எனக்கு ஒரு கட்டில் வேணும். அடுப்ப கீழ போடுறதா இருந்தா சொல்லுங்க."

"அப்ப வேற ஆளத்தான் பாக்கணும்."

"பாருங்க."

வாசலைத் தாண்டியவர் தெருவில் நின்று நெடுநேரம் போனில் பேசினார். பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "கட்டிலு கயித்துக் கட்டிலா, பலகையா?"

"பலகை" என்றேன்.

அவர் போன பிறகு பெரியவன் முக்காலியைக் கவிழ்த்து, ஆடிய காலை முடுக்கிக்கொண்டிருந்தான்.

நீ எனக்குச் சொல்லித் தந்தவை எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, அவற்றின்படிதான் நடக்கிறேன். ஏலாது என்கிற ஒன்றை மட்டும் நீ கற்கவே இல்லை. அதை இப்போது உனக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உரக்க, எல்லாரும் பார்க்க.