நீங்கள் பேர் சொல்லிக் கத்தியது

மச்சி,

நீங்கள் மவுத்தாகி ஒரு வருஷம், இன்று உங்களுக்கு வருஷக் கத்தம். ஓதி முடித்துச் சோறு பரிமாறத் தொடங்கும் நேரத்தில் யாரோ ஒரு பை நிறையப் பாலைப்பழம் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். "அவக்குப் புடிக்கும்தானே" என்றார்களாம். நீங்கள் எதைப் பொறுக்கப் போய் உயிரை விட்டீர்களோ, அதையே உங்கள் கத்தத்துக்குக் கொண்டுவருகிற புத்தியை என்னவென்று சொல்ல? ஒன்றை வாயில் போட்டேன். அதன் பால் உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரைக்காரி. உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வண்ணாத்திவில்லுக்கு வந்தவள். எங்கள் கரையில் காற்றைக்கூடப் பேர் சொல்லித்தான் திட்டுவோம். கடலுக்குப் போக முடியாத நாட்களில் என் வாப்பா வாசலில் நின்று "நாசமாப் போன கச்சான்" என்று அதன் முகத்துக்கு நேரேயே ஏசுவார். உங்கள் ஊரிலோ காட்டுக்குள் எதற்கும் சொந்தப் பேர் இல்லை. யானை பெரியவர். கரடி கறுப்பர். பாம்பு வெறும் கயிறு. பேரைச் சொன்னால் அது வந்துவிடுமாம். ஆளை ஆள் கூப்பிடுவதற்கும் பேர் கூடாது, "கூ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காடு தொடங்கும் இடத்தில் ஒரு கொப்பை முறித்து மரத்தில் தொங்கவிட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். நீங்கள் பிஸ்மி சொல்லிக்கொண்டே கொப்பையும் முறிப்பீர்கள். நான் சிரித்தேன்.

"சிரி புள்ள, நல்லாச் சிரி. உள்ளுக்குப் போனா மட்டும் வாயப் பொத்திக்கொள்" என்றீர்கள்.

அந்த முறைகளை உங்களைப் போல ஒழுங்காகப் பிடித்த ஆணையோ பெண்ணையோ நான் இந்த ஊரில் காணவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கைவிரலால் சிந்தவிட்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் நடப்பீர்கள். நம் வாசம் பெரியவருக்குப் போகக்கூடாது, நம் சத்தமும் போகக்கூடாது. கண்டால் மூச்சுக் காட்டாமல் நழுவிவிட வேண்டும். இதை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்!

போன வருஷம் அன்றைக்கு நீங்கள் பையை நிரப்பிக்கொண்டு ஊர்ப் பாதைக்கு ஏறிவிட்டீர்கள். நான் இன்னும் யானை வேலிக்கு ஊர்ப்பக்கம் நின்ற மரத்தடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். அது என் முதுகுக்குப் பின்னால் பற்றையை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தது. உங்களுக்கு முன்னால் பாதை திறந்து கிடந்தது, வீட்டில் மகள் இருந்தாள், முறைப்படி நீங்கள் சத்தமில்லாமல் போயிருக்கலாம். நீங்கள் திரும்பி நின்று அடித்தொண்டையால் கத்தினீர்கள்.

"யானை! ஓடு புள்ள!"

நான் ஓடினேன். அது உங்கள் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

மையத்து வீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. "பேரச் சொல்லிப்போட்டா, அதான் வந்திச்சு." முதலில் சொன்னவர் யார் தெரியுமா? காட்டோரத்தில் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறாரே, அவர். மாட்டைக் காட்டுக்குள் மேய விடுவதற்காக யானை வேலிக் கம்பியைக் கழற்றிவிட்டவர். அந்த வழியாகத்தான் அது வந்தது. ஊருக்கே தெரியும், ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை. செத்தவளின் நாக்கில் பழியைப் போட்டுவிட்டால் உயிரோடு இருப்பவர்களுக்கு எவ்வளவு வசதி! நான் அன்றைக்கே நடந்ததைச் சொன்னேன். பயத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். உங்கள் சொந்தத் தம்பி, "மவுத்தான ஆள்ட கதைய ஏன் கிளறுறாய்? ஊரோட ஒத்துப் போ" என்றார். ஒத்துப் போவதாம்! அவருடைய பெண்சாதி உயிரோடு நின்றுகொண்டிருப்பதே உங்களால்தான்.

இன்றும் அந்த மாட்டுப்பட்டிக்காரர் விறாந்தையில், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் சோற்றுச் சஹனுக்கு முன்னால் குந்திக்கொண்டு, குசினிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "நல்ல பொம்புளதான். வாயக் காத்திருந்தா இண்டைக்கும் இருந்திருப்பா."

உங்கள் மகள் என் பக்கத்தில் பீங்கான் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்: "உம்மாக்குத் தெரியும்தானே மாமி? பொறகு ஏன் அந்தப் பேரச் சொன்னா?"

அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையும் நம்பிவிட்டாள். நான் நேரே விறாந்தைக்குப் போனேன்.

"அவ சொல்லியா அது வந்திச்சு? என்ட முதுகுக்குப் பின்னால வந்து நிண்ட பொறகுதான் அவ சொன்னா. கம்பியக் கழட்டினது ஆரு? நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லட்டா?"

"பொம்புளைக்கு இங்க என்ன கதை?" என்று அவர் சோற்றைப் பிசைந்தார். உங்கள் தம்பி எழும்பி, "உள்ளுக்குப் போ" என்றார். நான் போகவில்லை. பின்னால் வந்து நின்ற உங்கள் மகள் அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை.

"உம்மா எப்படிக் கத்தினா மாமி?"

நான் முற்றத்தைப் பார்த்து, நீங்கள் கத்தியது போலவே கத்தினேன்.

விறாந்தை கலைந்தது மச்சி. சஹன் கவிழ்ந்தது. சோற்றுக் கையோடு ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். மாட்டுப்பட்டிக்காரர்தான் முதலில் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். உங்கள் மகள் மட்டும் அசையாமல் காட்டுப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். கச்சான் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"வரல்லையே மாமி" என்றாள். பிறகு என் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உங்கள் தம்பி என்னோடு பேசவில்லை, பேசாமலே இருக்கட்டும். உங்கள் சத்தம் என் தொண்டையில் இருக்கிறது. இனி எந்தச் சபையில் எவர் அந்தக் கதையை எடுத்தாலும், உங்கள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதே போலக் கத்துவேன்.