நாலு மூலையும் என் கையெழுத்தும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் ரப்பர் என்னிடம் மாட்டினான். எங்கள் பத்திரிகையில் பக்கம் அமைக்கிறவன். நாற்பது வயது, இரண்டு குழந்தைகள், சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு ரப்பர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி நான்தான். சுடோகு போடுகிறேன் என்று உட்காருவான். ஒரு கட்டத்தில் மூன்று என்று எழுதுவான், கொஞ்ச தூரம் ஓட்டுவான், எங்கேயாவது முட்டும், அழிப்பான், எட்டு என்று எழுதுவான். கடைசியில் தாள் கிழிந்துவிடும்.

"இதுக்குப் பேரு யோசனை இல்லப்பா, இருட்டுல தடவுறது" என்றேன்.

"விடை வருதுல்லக்கா?"

விடை வருதாம். அப்படிப் பார்த்தால் பூட்டை உடைத்தாலும்தான் கதவு திறக்கும்.

புதிர்ப் பக்கம் பதினோரு வருடமாக என் பொறுப்பு. வெளியூர்க்காரர் ஒருவர் புதிர் அனுப்புகிறார். ரப்பர் அந்த எண்களைக் கட்டத்தில் ஏற்றுகிறான். நான் போட்டுப் பார்த்து, ஒரே ஒரு விடைதான் வருகிறது என்று மூலையில் கையெழுத்துப் போடுகிறேன். பேனாவால்தான் போடுவேன். பென்சில் என்பது சந்தேகப் பிராணிகளுக்கு.

மார்ச் 6, வியாழன்

வீட்டுக்காரர் நான்கு நாளாக ஒரு சுலபமான சுடோகுவை முறைத்துக்கொண்டிருக்கிறார். உதவட்டுமா என்றேன். "வேணாம், இப்பதான் ஒருத்தரையொருத்தர் புரிஞ்சுக்கிட்டு வர்றோம்" என்றார்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் ரப்பருக்கு எக்ஸ்-விங் என்கிற சுடோகு வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். இந்தக் குறுக்கு வரிசையில் ஏழுக்கு இரண்டே இடம். கீழே இன்னொரு குறுக்கு வரிசையிலும் இரண்டே இடம், அதுவும் அதே இரண்டு நெடுக்கு வரிசைகளில். எப்படிப் போட்டாலும் அந்த நெடுக்கு வரிசைகளின் ஏழு இந்த நாலு கட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அதனால் அந்த இரண்டு நெடுக்கிலும் மற்ற கட்டங்களில் ஏழுக்கு வேலையில்லை, அடித்துவிடலாம்.

வாயைப் பிளந்து கேட்டான். கேட்டுவிட்டு, "ஏழுன்னு போட்டுப் பாத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமேக்கா" என்றான்.

இவனுக்குச் சொன்னதற்குச் சுவரிடம் சொல்லியிருக்கலாம். சுவர் பதில் பேசாது.

மார்ச் 14, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமைப் புதிர். கல் மாதிரி இருந்தது. நாற்பது நிமிடம் அசையவில்லை. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன், மசியவில்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது – நாலு மூலை!

இரண்டு குறுக்கு, இரண்டு நெடுக்கு, அவை வெட்டிக்கொள்ளும் நாலு கட்டம், நாலும் இரண்டே ஒன்பதுகட்டப் பெட்டிகளுக்குள். அவற்றில் மூன்று கட்டங்களில் மூன்றோ எட்டோதான் வரமுடியும். நான்காவதில் மூன்று, எட்டு, ஐந்து. அதிலும் மூன்றோ எட்டோ வந்தால், நாலு மூலையிலும் அந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடலாம், புதிருக்கு இரண்டு விடை ஆகிவிடும். நல்ல புதிருக்கு ஒரே விடைதான். ஆகவே அங்கே ஐந்து! போட்டேன். மிச்சமெல்லாம் மளமளவென்று விழுந்தது. கையெழுத்தும் போட்டேன். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

நாலு மணிக்கு ரப்பர் தாளோடு வந்தான். "அக்கா, எனக்கு வேற மாதிரி முடியுது. எங்கயும் முட்டவே இல்ல."

தாளை வாங்கிப் பார்க்கவில்லை. "தடவுனா கைக்கு எது வேணாலும் அகப்படும்பா. போய்ப் பக்கத்தைப் பாரு" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான். பிரிவே சிரித்தது. அவன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

மார்ச் 17, திங்கள்

நேற்று வந்த புதிருக்கு மூன்று விடை. ஒன்றில்லை, இரண்டில்லை, மூன்று. காலையிலிருந்து அறுபத்தொரு தொலைபேசி அழைப்பு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மூன்றையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு, "இதுல எதை நான் நம்பணும்?" என்று கேட்டாராம்.

மூலத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏழாவது வரிசையில் ஒரு இரண்டு இருந்திருக்கிறது. ஏற்றும்போது ரப்பர் விட்டுவிட்டான். மூலத்தோடு ஒப்பிடுவதும் என் வேலைதான். பல வருடமாகச் செய்வதில்லை. ஒப்பிடுவதற்கு மூளை எதற்கு என்று ஒரு நினைப்பு.

பத்திரிகை ஆசிரியர் கத்தினார். பிறகு என்னிடம் மட்டும் மரியாதையாக, "நீங்க போட்டுப் பாத்தீங்களேம்மா, உங்களுக்கு ஒரே விடைதானே வந்துது?" என்றார்.

"ஆமா சார்."

உண்மை. அசிங்கமே அதுதான்.

ரப்பர் நிரந்தர ஊழியன் இல்லை. மாதக் கடைசியோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். பையில் இருந்த தாளை எடுக்கவில்லை. ஏன் எடுக்கலை? எடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல?

சாயங்காலம் என் தாளைப் பிரித்துவைத்து உட்கார்ந்தேன். புதிருக்கு ஒரே விடைதான் என்று நம்பினால்தான் நாலு மூலை செல்லும். ஒரே விடைதானா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதையே முதலில் நம்பிவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று கையெழுத்து வேறு. என்ன கொழுப்பு எனக்கு! அந்த ரப்பர்கிட்ட இருந்த புத்திகூட இல்லையே. அவன் எதையும் நம்பலை, போட்டுப் பாத்தான், அவ்வளவுதான்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று ஆசிரியரிடம் சொல்வதாக இருந்தேன். அவருக்குத் தலைவலி போல என்று நானே முடிவு செய்து திரும்பிவிட்டேன். அவர் நன்றாகத்தான் இருந்தார்.

மார்ச் 19, புதன்

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன்.

"அப்ப அவன் வெள்ளிக்கிழமையே வந்து சொல்லியிருக்கான்?"

"சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

அதையும் சொன்னேன். அவர் தன் சுடோகுவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 20, வியாழன்

காலையிலேயே ரப்பரின் மேஜைக்குப் போனேன். "அந்தத் தாள் இருக்கா?" இன்னும் பையிலேயே இருந்தது.

"திங்கக்கிழமை ஏம்பா காட்டலை?"

"நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றான். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே நினைத்திருக்கிறான். மூன்று நாள் நினைத்திருக்கிறான்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். நாலு மூலையைப் படம் போட்டு விளக்கினேன். அவருக்கு ஒரு மூலைகூடப் புரியவில்லை. "அதாவது, அவன் முன்னாடியே சொன்னான், நீங்க கேக்கலை" என்றார். பதினோரு வருட வித்தை ஒரு வரியில் முடிந்தது.

"ஆமா சார்."

ஏப்ரல் 10, வியாழன்

இப்போது இரங்கல் செய்திகளும் வாடகை வீட்டு விளம்பரங்களும் பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறேன். இறந்தவரின் வயதில் ஒரு எண் விட்டுப்போனால் அறுபத்தொரு பேர் கூப்பிட மாட்டார்கள், ஒரு குடும்பம் நேரிலேயே வந்துவிடும்.

புதிர்ப் பக்கத்தின் மூலையில் ரப்பரின் கையெழுத்து. கோழி கிளறியது போல இருக்கிறது. வேலை நிரந்தரமாகவில்லை. ஆனால் போகவும் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமைப் புதிரைக் கொண்டுவந்தான். "அக்கா, ஒரு விடை வந்துடுச்சு. ரெண்டாவது இருக்கான்னு நீங்க ஒரு தடவை தேடிப் பாருங்களேன்."

அவன் பென்சிலை வாங்கி ஒரு கட்டத்தில் மூன்று என்று எழுதினேன். கொஞ்ச தூரம் ஓடியது, முட்டியது. கையை நீட்டினேன். ரப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்குப் பேரு யோசனை இல்லக்கா" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். பிரிவே சிரித்தது.

அழித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.